இடங்கொடுத்து மறையும் எலும்பு

1668-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் அறுவை மருத்துவ நூல் ஒன்று வெளிவந்தது. அதை எழுதிய யோப் வான் மேக்கெரன் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். மாஸ்கோவிலிருந்து தமக்கு எட்டிய செய்தியாக அவர் அந்நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்திருந்தார். ருஷ்யப் பிரபு ஒருவர் தார்த்தாரியரின் வாள்வெட்டால் மண்டையோட்டில் ஒரு துண்டை இழந்தார். மருத்துவர் ஒருவர் நாயின் மண்டையோட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவ்விடத்தில் பொருத்தினார். காயம் ஆறிற்று. ஆனால், விலங்கின் எலும்பைத் தலையில் தாங்கியவர் கிறிஸ்தவர்களின் கூட்டத்தில் இருக்கலாகாது என்று அந்நாட்டுத் திருச்சபையார் அவரை விலக்கி வைத்தனர்.

முடிவு என்னவாயிற்று என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. அந்த எலும்பை எடுத்துவிட்டு அவர் மீண்டும் சபையில் சேர்ந்தார் என்று சிலர் எழுதுகின்றனர். எடுக்க முயன்றபோது அது அவருடைய சொந்த எலும்போடு பிரிக்க இயலாதவாறு ஒன்றாகிவிட்டிருந்தது என்று வேறு சிலர் எழுதுகின்றனர். எலும்பு ஒட்டு மருத்துவத்தின் வரலாற்றைச் சொல்வோர் பலரும் இரண்டாவது முடிவையே விரும்பி எடுத்தாள்கின்றனர். அந்நியப் பொருளொன்று உடலோடு உடலாகிவிட்டது என்பதில் ஓர் இனிமை உண்டல்லவா? ஆயினும் அந்த இனிமைக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அப்படி ஒன்றாகியிருந்தால், அங்கே இருந்தது நாயின் எலும்பா, அல்லது நாயின் எலும்பு இருந்த இடத்தில் அம்மனிதரின் உடல் தானே கட்டிக்கொண்ட எலும்பா? இந்த வேறுபாட்டை உணர மருத்துவ உலகத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று எலும்புக்கு மாற்றாகப் பயன்படும் பொருள்களை உடல் எவ்வாறு ஏற்கிறது, எவ்வாறு கரைத்துத் தன்வயமாக்குகிறது என்ற ஆராய்ச்சி முழுவதும் இக்கேள்வியின் தொடர்ச்சியே.

நமக்கு இதைவிடப் பழக்கமான கதை ஒன்றும் உண்டு. முதலாம் நற்கருணை மன்றாட்டில் பெயர் சொல்லி நாம் நினைவுகூரும் கோஸ்மாஸ், தமியான் இருவரும் காசு வாங்காமல் வைத்தியம் செய்த சகோதரர்கள் என்பது மரபு. உரோமையில் அவர்களுடைய ஆலயத்தில் பணிபுரிந்த ஒருவரின் கால் அழுகிப்போக, புனிதர் இருவரும் இரவில் தோன்றி, அன்று அடக்கம் செய்யப்பட்டிருந்த ஒரு கறுப்பு மனிதரின் காலைக் கொண்டுவந்து பொருத்தினர் என்று இடைக்காலப் புனிதர் வரலாறுகள் கூறுகின்றன. பிரா ஆஞ்செலிக்கோ முதலான ஓவியர்கள் இதை வரைந்துள்ளனர். படுத்திருப்பவரின் ஒரு கால் வெள்ளை, மறுகால் கறுப்பு. கொடுத்தவரின் பெயரை எந்த ஏடும் சொல்லவில்லை. கால் மட்டும் அவருடையதாகவே நிலைத்து நிற்கிறது. புதுமையில் அப்படி நிகழலாம். இயற்கையான முறையில் எலும்பு ஒட்டும்போது நிகழ்வது இதற்கு நேர்மாறானது என்பதைக் கண்டறிந்ததுதான் பின்வந்த நூற்றாண்டுகளின் வேலை.

அந்த வேலை ஒரு விருந்து மேசையில் தொடங்கியது. துணிக்குச் சாயம் அச்சிடும் ஒருவர் வீட்டில் உணவருந்திய ஜான் பெல்ச்சியர் என்ற இலண்டன் அறுவை மருத்துவர், பரிமாறப்பட்ட பன்றி இறைச்சியின் எலும்பு சிவந்திருப்பதைக் கண்டார். சாயத் தொட்டியில் ஊறிய தவிட்டைத் தின்ற பன்றி அது. மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பு, எலும்பில் படிந்திருந்தது. 1736-இல் அவர் இதை வெளியிட்டார். பிரான்சு நாட்டில் துயமேல் து மோன்சோ என்பவர் இதைப் பற்றிக்கொண்டார். அவர் மருத்துவர் அல்லர், மரங்களை ஆராய்ந்தவர். விலங்குகளுக்குச் சில காலம் சாயவேர் கலந்த தீனியும் சில காலம் சாதாரணத் தீனியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். வெட்டிப் பார்த்தால், அடிமரத்தின் வளையங்களைப் போல எலும்பில் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்குகள்! மரத்தின் பட்டைக்கு அடியில் புதுமரம் ஊறுவதைப் போல, எலும்பைப் போர்த்தியுள்ள மெல்லிய உறையிலிருந்து புது எலும்பு ஊறுகிறது என்று அவர் முடிவு செய்தார்.

எலும்பு கூடுவதை அவர் கண்டார். அது குறைவதைக் கண்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஜான் ஹண்டர் (1728–1793). வளரும் எலும்பு ஒருபுறம் படிந்துகொண்டே வர, மறுபுறம் உடல் அதை எடுத்துக்கொண்டே போகிறது. அப்படி எடுத்திராவிட்டால் குழந்தையின் எலும்பு வளர்ந்தவனுடைய எலும்பின் வடிவைப் பெறவே முடியாது என்றார். கட்டுவதும் இடிப்பதும் ஒரே வீட்டில் ஒரே காலத்தில் நடக்கின்றன என்னும் இக்கருத்துக்கு, 1873-இல் கோல்லிக்கர் என்ற ஸ்விஸ் அறிஞர் உருவம் கொடுத்தார். பல உட்கருக்களைக் கொண்ட பெரிய உயிரணுக்கள் எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு, அமிலம் சுரந்து, அதை அரித்துக் குழியாக்குகின்றன. இவற்றை அரிப்பு உயிரணுக்கள் என்போம். பின்னால் வரும் ஆக்க உயிரணுக்கள் அக்குழியில் புது எலும்பை வைக்கின்றன. இடிப்பது சில வாரங்களில் முடியும். கட்டுவதற்குச் சில மாதங்கள் ஆகும். இந்த வேக வேறுபாட்டை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். மாற்றுப்பொருள்களின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இதில்தான் இருக்கின்றன.

1879-க்கும் 1881-க்கும் இடையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கியூவன் ஓர் அரிய செயலைச் செய்தார். எலும்புச் சீழ்நோயால் மேற்கை எலும்பின் பெரும்பகுதியை இழந்துவிட்ட ஒரு சிறுவன். கை துணிபோல் தொங்கியது. அக்காலத்துக் கிளாஸ்கோவின் ஏழைத் தெருக்களில், கணைநோயால் கால் வளைந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களின் வளைந்த காலை நிமிர்த்தும்போது ஆப்பு வடிவில் வெட்டி எறியப்படும் எலும்புத் துண்டுகளை மக்கியூவன் எடுத்துச் சிறு சிறு சில்லுகளாக்கி, அச்சிறுவனின் கையில் பல தடவைகளாக வைத்தார். கை எலும்பு உருவாயிற்று, கை பயன்பட்டது. ஓவியத்தில் பெயரற்றுப் போன அந்தக் கறுப்பு மனிதரைப் போலவே, இங்கும் கொடுத்த பிள்ளைகள் யார் யார் என்பதை நாம் அறியோம். வைத்த சில்லுகள் உயிரோடு வளர்ந்து எலும்பாயின என்பது மக்கியூவனின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் ஆர்தர் பார்த் என்ற ஜெர்மானியர். ஒட்டு வைத்த எலும்புகளை 1893-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த அவர், ஒட்டு பெரும்பாலும் இறந்துவிடுகிறது என்றார். அது இறந்த பின் இரத்தக் குழல்கள் நுழைகின்றன. பழையது கொஞ்சங் கொஞ்சமாக அரிக்கப்பட, அவ்விடத்தைப் புதியது நிரப்புகிறது. இதை 1914-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் டல்லஸ் பெமிஸ்டர் ‘ஊர்ந்து இடம்பிடித்தல்’ என்ற பொருள்படும் பெயரால் குறித்தார். ஒட்டின் எல்லாப் பகுதியும் இறந்தே போகிறது என்று பார்த் சொன்னது சற்று மிகை. மேற்பரப்பில் சில உயிரணுக்கள் பிழைக்கக் கூடும் என்று பின்னர் தெரிந்தது. எனினும் அடிப்படைச் செய்தி நிலைத்தது. ஒட்டு எலும்பு நிரந்தரக் குடி அன்று. அது சாரம், கட்டடம் எழும்பும்வரை நின்று, பிறகு இறங்குவது.

இது உண்மையானால் இன்னொரு வாசல் திறக்கிறது. எப்படியும் கரைந்துபோகப் போகும் பொருளுக்கு, உயிருள்ள எலும்பை வெட்டுவானேன்? சுண்ணப் பொருள் எதையேனும் வைத்தால் ஆகாதா? ஜெர்மனியின் பான் நகரில் டிரீஸ்மன் என்பவர் 1892-லேயே இதைச் செய்து பார்த்துவிட்டார். காசநோய் அரித்த எலும்புக் குழிகளில், கார்பாலிக் அமில நீரில் குழைத்த பாரிஸ் சாந்தை நிரப்பினார். முறிந்த காலுக்குக் கட்டுப் போடும் அதே வெள்ளைச் சாந்துதான். சாந்து கரைந்தது, சில குழிகளில் எலும்பு நிரம்பியது. 1950-களில் லியோனர்டு பெல்ட்டியர் என்ற அமெரிக்கர் இதை மீண்டும் எடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சாந்தின் குறை அதன் அவசரம். கால்சியம் சல்பேட் ஆகிய அது உடல்நீரிலேயே கரைவது. அரிப்பு உயிரணுக்களுக்காகக் காத்திருப்பதில்லை. நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களில் மறைந்துவிடும். எலும்போ மாதக்கணக்கில் நடப்பது. குழி சிறியதாகவும் சுற்றுச்சுவர் நல்லதாகவும் இருந்தால் தாழ்வில்லை. பெரிய குழியில், சாரம் இறங்கிய இடத்தில் சுவர் இராது, தசைநார் புகுந்துவிடும்.

பிரெட் ஆல்பீ என்ற அமெரிக்கரின் பெயரும் இங்கே வர வேண்டும். சிறுவயதில் பாட்டனாரிடம் மரத்துக்கு ஒட்டுக் கட்டக் கற்றவர் அவர். ஒட்டுமா என்று நாம் சொல்வதும் எலும்பு ஒட்டு என்று சொல்வதும் ஒரே சொல்லால் ஆனது தற்செயல் அன்று போலும். 1920-இல் மாரிசன் என்பவருடன் சேர்ந்து அவர் கால்சியம் பாஸ்பேட்டை முயல்களின் முறிந்த எலும்பில் செலுத்திப் பார்த்தார். எலும்பின் சொந்தச் சரக்கிலேயே மாற்றைத் தேடிய முயற்சி அது.

அரை நூற்றாண்டு கழித்து அச்சரக்கு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 1970-களிலும் 80-களிலும் ஜப்பான், அமெரிக்கா, ஹாலந்து நாடுகளின் ஆய்வாளர்கள் எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டைச் செய்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு, பீங்கான்போல் இறுக்கினர். எலும்பு அதனோடு நன்றாக ஒட்டியது. ஆனால் அது கரைய மறுத்தது. பல ஆண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்திலும் வெள்ளை வெளேரென்று அப்படியே நின்றது. பாரிஸ் சாந்து அவசரக்காரன் என்றால் இது அசையாத குடியிருப்பாளன். அதனால் கெடுதி என்ன என்று கேட்கலாம். பீங்கான் உடையக்கூடியது; உயிருள்ள எலும்பைப் போலத் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளாது. உள்ளே அது நிறைந்திருக்கும்வரை அவ்விடத்தில் முழுமையான எலும்பு வராது. எலும்பு ஆறிவிட்டதா இல்லையா என்பதை எக்ஸ்ரே படத்தில் பார்த்துச் சொல்வதும் கடினம்.

இரண்டும் சுண்ணப் பொருள்களே. பின் ஏன் இந்த வேறுபாடு? நம் எலும்பின் கனிமம் தூய்மையானது அன்று. அதில் எடையில் நூற்றுக்கு 4 முதல் 8 பங்கு வரை கார்பனேட் கலந்திருக்கிறது. படிகங்கள் மிகச் சிறியவை, ஒழுங்கு குலைந்தவை. அந்தக் குறைபாடுதான் அரிப்பு உயிரணுவின் அமிலத்துக்கு அதை இளக்கித் தருகிறது. ஆலையில் செய்த ஹைட்ராக்சிஅபடைட்டில் குறையே இல்லை. ஆகவே அதைக் கரைப்பது கடினம். குற்றமற்ற பொருளை உடல் மெல்ல இயலாமல் விட்டுவிடுகிறது என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆய்வாளர்கள் இதைக் கண்ட பின் வேண்டுமென்றே குறையைச் சேர்க்கத் தொடங்கினர். கார்பனேட் சேர்த்தனர், சிலிக்கான் சேர்த்தனர், சூளையின் வெப்பத்தைக் குறைத்தனர். கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் ஹைட்ராக்சிஅபடைட்டில் 1.67, அதை 1.5 ஆகக் கொண்ட டிரை கால்சியம் பாஸ்பேட் எளிதில் கரைவது. இவ்விரண்டையும் கலந்து ஒரே குருணையாகச் செய்தால், ஒரு பகுதி மாதங்களில் இடங்கொடுக்க, மறுபகுதி உருவத்தைக் காத்து நிற்கும். கலவை விகிதத்தை மாற்றி வேகத்தையும் மாற்றலாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தாரும் ஹைட்ராக்சிஅபடைட்டோடு சிலிக்கா சார்ந்த பொருள்களைக் கூட்டி எலும்பு நிரப்பிகளை உருவாக்கியுள்ளனர்.

பொருள் எது என்பதோடு அதன் உள்வடிவு எப்படி என்பதும் முக்கியம். கெட்டியான கட்டியை உடல் வெளிப்புறத்திலிருந்துதான் அரிக்க முடியும். துளைகள் இருந்தால் உள்ளே நுழையலாம். துளை எவ்வளவு அகலம் வேண்டும்? 1971-இல் கிளாவிட்டர், ஹல்பர்ட் என்ற இருவர் 100 மைக்ரானேனும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கேனும், வேண்டுமென்றனர். அதற்குக் குறைந்தால் எலும்பு உள்ளே வளர்வதில்லை. துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கவும் வேண்டும். கதவில்லாத அறைகள் எத்தனை இருந்தும் பயனில்லை. இத்தகைய வீட்டைக் கட்டித் தர அன்றைய ஆலைகளால் ஆகவில்லை. கடலில் அது தயாராக இருந்தது. போரைட்டிஸ் என்னும் பவளத்தின் துளைகள் ஏறத்தாழ 200 மைக்ரான். கோனியோபோரா என்பதன் துளைகள் ஏறத்தாழ 500. பவளம் கால்சியம் கார்பனேட் ஆனது. 1974-இல் டெல்லா ராய் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய துணைவரும், வெந்நீரும் அழுத்தமும் கொண்டு, துளைகளின் அமைப்புக் கெடாமல் பவளத்தை ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றிக் காட்டினர். இதிலிருந்து வந்த எலும்பு நிரப்பி 1992-இல் அமெரிக்காவில் அரசின் ஒப்புதல் பெற்றது. முழுதும் மாற்றப்பட்ட பவளமும் மெதுவாகவே கரைந்தது. ஆகவே பின்னர், மேல்தோலை மட்டும் சில மைக்ரான் கனத்துக்கு மாற்றி, உட்புறத்தைக் கரையும் கார்பனேட்டாகவே விட்டனர். மேல்தோலை உடல் கடந்ததும் உள்ளே இருப்பது விரைவாக இளகும். மாற்றிய தொழிலைப் பாதியில் நிறுத்தியதே இங்கு முன்னேற்றம்! (மன்னார் வளைகுடாவில் இதே போரைட்டிஸ் பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காலமும் இருந்தது. 2001 முதல் இந்தியச் சட்டம் பாறை கட்டும் பவளங்களை முழுப் பாதுகாப்பில் வைத்துள்ளது.)

புளோரிடாவில் லாரி ஹென்ச் 1969-இல் செய்த கண்ணாடியையும் விட்டுவிடலாகாது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஓர் இராணுவ அதிகாரி, பேருந்துப் பயணத்தில் அவரிடம், மனித உடல் ஒதுக்காத ஒரு பொருளைச் செய்ய இயலுமா என்று கேட்டாராம். உறுப்பிழந்த வீரர்களை அவர் அவ்வளவு பேரைப் பார்த்திருந்தார். சிலிக்கா, சோடியம், கால்சியம், பாஸ்பரசு சேர்ந்த அந்தக் கண்ணாடியை எலியின் எலும்பில் வைத்தனர். பிறகு பிடுங்க முடியவில்லை. மாஸ்கோப் பிரபுவின் கதை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் நடந்ததைப் போன்று நமக்குத் தோன்றுகிறது. கண்ணாடியின் மேற்பரப்பு உடல்நீரில் கரைந்து, அதன்மேல் எலும்பின் கனிமம் போன்ற படலம் தானே படிந்திருந்தது.

இதுவரை சொன்னவை யாவும் சாரம் கட்டும் வேலை. கொத்தனாரை அழைக்கும் வழியைக் கண்டவர் மார்ஷல் யூரிஸ்ட். கனிமம் நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் புதைத்தபோது, எலும்பே இல்லாத அவ்விடத்தில் எலும்பு தோன்றியதை 1965-இல் அவர் அறிவித்தார். அதற்குக் காரணமான புரதங்களின் மரபணுக்கள் 1988-இல் தனியே பிரிக்கப்பட்டன. 2002-இல் அப்புரதம் ஒன்றைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து முதுகெலும்பு இணைப்புக்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. அடுத்து நடந்தது மகிழத்தக்கதாக இல்லை. ஒப்புதல் இல்லாத கழுத்துப் பகுதியிலும் மருத்துவர்கள் அதை வைத்தனர். தொண்டை வீங்கி மூச்சடைக்கும் அபாயம் பற்றி 2008-இல் அரசு எச்சரிக்க வேண்டியதாயிற்று. அளவு மிகும்போது, ஆக்க உயிரணுக்களோடு அரிப்பு உயிரணுக்களும் தூண்டப்பட்டு, இருந்த எலும்பே முதலில் கரைந்தது. 2011-இல் முதுகெலும்பு மருத்துவ ஆய்விதழ் ஒன்று, தொடக்க ஆய்வுகள் இத்தீங்குகளைக் குறைத்துக் காட்டின என்று வெளிப்படையாக எழுதிற்று. அதே 2011-இல், ஒப்புதலின்றி முதுகெலும்பில் கால்சியம் பாஸ்பேட் சிமெண்டைச் சோதிக்கச் செய்த வழக்கில், ஒரு நிறுவனத்தின் அதிகாரிகள் நால்வர் அமெரிக்காவில் சிறைத்தண்டனை பெற்றனர். அச்சோதனைகளின்போது நோயாளிகள் மூவர் அறுவை மேசையிலேயே இறந்திருந்தனர். விரைவாக உறையும், மெதுவாகக் கரையும் என்றெல்லாம் பொருளைப் புகழலாம். அது யாருடைய உடலில், யார் அறிய, வைக்கப்படுகிறது என்ற கேள்வியை ஆய்வுக்கூடம் தீர்த்து வைக்காது.

இத்தனைக்கும் பிறகு, இன்றும் பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் நம்புவது நோயாளியின் சொந்த இடுப்பெலும்பையே. உயிரணு, புரதம், சாரம் மூன்றும் அதில் ஒருங்கே இருக்கின்றன. ஆனால் அதற்கும் விலை உண்டு. 1989-இல் அமெரிக்காவில் 243 ஒட்டுகளை ஆராய்ந்தோர், எலும்பு எடுத்த இடத்தில் நூற்றுக்கு 8.6 பங்கு பெரிய சிக்கல்களையும் 20.6 பங்கு சிறிய சிக்கல்களையும் கண்டனர். இறந்தோரின் எலும்பைப் பதப்படுத்தி வைக்கும் வங்கிகள் உண்டு. 2021-இல் அமெரிக்காவில், கொடையாளர் ஒருவரின் எலும்பிலிருந்து ஆக்கிய நிரப்பி வழியாகக் காசநோய் பலருக்குப் பரவி உயிர்ச்சேதமும் நேர்ந்தது. டிரீஸ்மன் காசநோய் அரித்த குழியை நிரப்பப் புறப்பட்டதை எண்ணும்போது இது மிகவும் வருத்தமளிக்கிறது. கிருமியற்ற செயற்கைக் குருணைகளின் தேவை ஆகவே குறையவில்லை.

அவற்றில் தீராத ஒன்று எஞ்சி நிற்கிறது. மாற்றுப்பொருள் எத்தனை மாதத்தில் கரையும் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் இளமையான, நலமுள்ள முயல்களிலும் ஆடுகளிலும்தான் கணக்கிடுகின்றனர். அறுவை மேசைக்கு வருவோரோ முதியோர், நீரிழிவு உள்ளவர், புகைபிடித்து இரத்த ஓட்டம் குன்றியவர். எலும்பு மெலிவுக்கென்று பலர் உட்கொள்ளும் அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் அரிப்பு உயிரணுக்களையே அடக்கி வைப்பவை. குருணையைக் கரைக்க வேண்டிய உயிரணு அவர்களிடம் உறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை, நிரப்பியின் பெட்டியில் அச்சிட்ட மாதக் கணக்கு ஒரு முயலின் கணக்கே.